எரிகிற விளக்குக்கு ஒரு போன்

வேலையில் சேர்ந்த முதல் நாள். நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, மேசைமேல் இருந்த போன் அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ, வார்டு ஆபீஸுங்களா? எங்க தெரு முனையில லைட்டு எரியுதும்மா."

நான் புகார் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "எரியலையா? கம்பத்து நம்பர் சொல்லுங்க" என்றேன்.

"எரியலன்னு யாரு சொன்னா? எரியுதும்மா! நேத்து ஆளு வந்து மாட்டிட்டுப் போனாரு. சாயந்திரம் ஆறரைக்கு டக்குனு புடிச்சிக்கிச்சி பாரு, தெருவே பளிச்சினு ஆயிடிச்சி!"

"சரிங்க. இப்போ என்ன கம்ப்ளெயின்ட்?"

"கம்ப்ளெயின்ட்டு ஒண்ணும் இல்ல. எரியுதுன்னு சொல்லத்தான் பண்ணேன். வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் விழித்தேன். எதிர் மேசையில் இருந்த மேலாளர் சார் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தம்மாவா? போகப் போகப் பழகிடும்" என்றார்.

எனக்குப் பழக ஒரு வருடம் ஆயிற்று. இன்னும் சரியாகப் பழகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை காலம் கழித்து அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவருடைய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ மனுக்களில் என் கையாலேயே டைப் செய்திருக்கிறேன். ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் அச்சில் வந்துவிட்டது என்று தெரிந்தால் சந்தோஷத்தில் யார் யாருக்கெல்லாம் போன் போடுவாரோ, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அலுவலகம் எது என்பதையும் சொல்லப்போவதில்லை. கடலூரில் கடல் காற்று அடிக்கிற பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான உருவம், வேகமான நடை, தோளில் எப்போதும் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பிறந்தது குமராட்சிப் பக்கம். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் தெருவில் முழங்கால் அளவு நிற்கும், மினி பஸ் நின்றுபோகும். தண்ணீர் வடிந்து முதல் மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற அன்று, சின்னப் பிள்ளைகள் எல்லாரும் அதன் பின்னாலேயே ஓடுவார்களாம். அந்த ஓட்டத்தை இந்த அம்மாள் நிறுத்தவே இல்லை என்று எனக்குத் தோன்றும். பொதுவில் எது வந்தாலும், எது ஓடினாலும், எது எரிந்தாலும் அவருக்குத் தாங்காது. உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

குப்பை அள்ள பேட்டரி வண்டி வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் கையில் பூசணிக்காயோடு குறுக்கே நின்றுவிட்டார். வண்டி ஓட்டி வந்த பெண் பதறிப்போய், "அக்கா, வழி விடுக்கா, டூட்டிக்கு நேரமாவுது" என்று கெஞ்சியிருக்கிறாள். "புது வண்டிம்மா, கண்ணு படும்" என்று சொல்லி மூன்று சுற்று சுற்றி நடுத்தெருவில் போட்டு உடைத்தார். அந்தப் புது வண்டி முதன்முதலாக அள்ளிய குப்பை அந்தப் பூசணிக்காய்தான். அதையும் எங்களுக்குப் போன் செய்து சொன்னார்.

எங்கள் அலுவலக வாசலில் ஒரு பலகை உண்டு. எந்தச் சான்றிதழுக்கு எந்த மேசை, எத்தனை நாளில் தரவேண்டும், தராவிட்டால் யாரிடம் போகவேண்டும் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். எழுதிய காலத்திலிருந்தே அதன் முன்னால் ஒரு இரும்பு பீரோ நின்றது. பலகை இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் வரிசையில் நின்றுகொண்டிருந்த இந்த அம்மாள் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இங்க என்னவோ எழுதியிருக்குதே!"

அவ்வளவுதான். வாட்ச்மேனைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார், வரிசையில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டார். பீரோ நகர்ந்தது. பலகைமேல் இருந்த ஒட்டடையை முந்தானையால் துடைத்தார். பிறகு வரிக்கு வரி விரல் வைத்து, அலுவலகமே கேட்கும்படி சத்தமாகப் படித்தார். எட்டாவதோடு படிப்பு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். யாராலும் நிறுத்த முடியவில்லை.

"இவ்ளோ இருக்குதா நம்மளுக்கு! இத்தன நாளும் இது இங்கியேவா இருந்திது?"

அடுத்த வாரத்திலிருந்து அவர் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பிள்ளை பிறந்து பதிந்ததோடு சரி, பெயர் ஏற்றாமலே விட்ட சான்றிதழ், செத்துப்போன மாமனார் பேரிலேயே ஓடுகிற வீட்டு வரி, எல்லாம் எங்கள் மேசைக்கு வந்தன. ஒவ்வொருவரோடும் இவரும் வருவார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிற பூரிப்போடு வருவார். வேலை முடிந்தால் அவர்களைவிட இவருக்குத்தான் ஆனந்தம். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

கிளை நூலகத்தையும் விடவில்லை. தெருவில் இருபத்தைந்து வீட்டுக்கும் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிற தன் வீட்டுக்காரரையும் எழுப்பி அழைத்துப்போய்க் கையெழுத்துப் போட வைத்தார். "அவரு என்னாத்தக்கா படிக்கப் போறாரு?" என்று நான் கிண்டலாகக் கேட்டேன். "படிக்கலன்னா என்னா? இவ்ளோ புக்கும் நம்மளுதுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

அந்தக் காலத்தில் எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். தற்காலிகக் கணினி ஆபரேட்டர், இருபத்து நான்கு வயது, ஏதாவது பரீட்சை எழுதி சீக்கிரம் இந்த இடத்தை விட்டுப் போய்விடவேண்டும் என்ற எண்ணம். அவர் போன் வந்தால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "சார், இன்னிக்கி எது நல்லா இருக்குதாம்னு பெட் கட்டலாமா?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவருக்கும் அது கேட்டிருக்கும். கேட்டதாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

பின்னாளில் எனக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. அவர்களும் குமராட்சிக்கே போய்விட்டார்கள். ஒருமுறை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தாய்மார்கள் பாலூட்டும் அறையின் வாசலில் நிறுத்தினார். "பாத்தியா பாப்பா, உள்ள ஃபேனு ஓடுது!" என்றார். என் கைக்குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வந்தபிறகுதான் என் பஸ்ஸைக் காட்டினார்.

இப்படிப்பட்டவரால் ஒரு மனிதனின் பிழைப்பு போக இருந்தது. அதற்குக் காரணம் அவர் இல்லை. நான்தான்.

நான் அந்த வார்டு ஆபீஸில் இருந்தபோது நடந்தது. கடலூரில் அவர்கள் தெருவில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். குழாய்த் தண்ணீரை நம்பித்தான் எல்லா வீடும். ஐப்பசி மழையில் ரோட்டுக்கு அடியில் எங்கேயோ பைப் உடைந்து, குழாயில் சேறு வந்தது. தண்டபாணி என்று எங்களிடம் ஒரு பைப் பிட்டர் இருந்தார். பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகைக்காரர், தினம் முதல் பஸ்ஸுக்கு வருவார். பல வருடமாகக் கான்ட்ராக்டில்தான் இருந்தார். அதிகம் பேசமாட்டார். மூன்று நாள் மழையோடு மழையாகக் குழியில் இறங்கி நின்று, உடைப்பைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். நான்காம் நாள் காலை குழாயில் தெளிந்த தண்ணீர் வந்தது. அன்று எங்கள் போன் எத்தனை தடவை அடித்தது என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

போனில் சொன்னது அவருக்குப் போதவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் வார்டு மக்களுக்கான மனு முகாம் நடந்தது. மேடைக்குக் கீழே லேப்டாப்போடு நான். வரிசை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, தன் முறை வந்ததும் நான்காக மடித்த தாளை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, தண்டபாணி தம்பியப் பத்தி எழுதியிருக்கேன். மேல இருக்கறவங்களுக்குப் போயிடுமில்ல?"

"போயிடும்க்கா, போயிடும்" என்று வாங்கி வைத்தேன்.

கணினியில் மனுவை ஏற்றவேண்டுமானால் எந்த வகை என்று ஒன்றைத் தேர்வு செய்யவேண்டும். தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, குடிநீர் என்று பட்டியல் வரும். நன்றி என்று ஒரு வகை கிடையாது. இத்தனை வருடத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. நான் குடிநீரை அழுத்தினேன். உள்ளே இன்னொரு பட்டியல் திறந்தது. மனுவில் ஊழியரின் பெயர் இருந்ததால் 'பணியாளர் தொடர்பாக' என்பதை அழுத்தினேன். பசி வேளை. பின்னால் நின்றவர் வேறு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தாளை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் தண்டபாணி என் மேசைமுன் வந்து நின்றார். கையில் ஒரு மெமோ.

"யாரோ என்மேல மனு குடுத்திருக்காங்களாம்மா. விளக்கம் கேட்டு வந்திருக்குது. கான்ட்ராக்ட் நீட்டிக்கற லிஸ்ட்டு இன்னிக்கி சாயந்திரம் போவுது. மனு பெண்டிங்ல இருக்கற ஆளு பேர சேக்க மாட்டாங்களாம். நான் என்னா பண்ணேன்னே தெரியலம்மா."

மெமோவில் இருந்த மனு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். திரையில் வந்தது அந்த அம்மாளின் பெயர். ஸ்கேன் செய்த தாளை அன்றுதான் முதன்முதலாக முழுக்கப் படித்தேன். "நல்லா இருக்கணும் அந்தத் தம்பி" என்று முடிந்திருந்தது.

"நான் பார்த்துக்கறேண்ணே, நீங்க வேலைக்குப் போங்க" என்று அவரை அனுப்பிவிட்டு மேலாளர் சாரிடம் ஓடினேன். மறைக்காமல் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வகைய மாத்த இங்க முடியாது. மேல எழுதிக் கேட்டா பத்து நாளாவும். லிஸ்ட்டு அஞ்சரைக்குப் போயிடும். ஒரே வழிதான். மனுதாரர்கிட்ட குறை தீர்ந்துதுன்னு எழுதி வாங்கிட்டு வா. மூடிடலாம்."

அதற்கென்று ஒரு படிவம் உண்டு. மேலே 'குறையின் விவரம்' என்று போட்டு மூன்று காலிக் கோடுகள் இருக்கும். கீழே 'மேற்கண்ட எனது குறை நிவர்த்தி செய்யப்பட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று அச்சடித்திருக்கும். கோட்டில் நாங்களே ஏதாவது எழுதிக்கொள்வோம். மனுதாரர் கையெழுத்துப் போட்டால் போதும். படிவத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன். மணி மூன்றரை.

அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வா பாப்பா, ஆபீஸே வீட்டுக்கு வந்திடிச்சே!" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பு நின்றுபோயிற்று.

"நல்லா செஞ்சாருன்னு நான் எழுதிக் குடுத்தத, கெட்டது செஞ்சாருன்னு ஏத்திட்டியா பாப்பா?"

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. போனைப் பொத்திக்கொண்டு நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. "தப்பு என்னோடதுதான்க்கா. இதுல ஒரு கையெழுத்து போட்டுடு. அவரு பேரு லிஸ்ட்டுல வந்துடும்" என்று படிவத்தை நீட்டினேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் மணியைப் பார்த்தேன். அவர் அடிவரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என் குறை தீந்துதுன்னு போட்டிருக்குதே. எனக்கு அவருமேல குறையே இல்லியே. இதுல கையெழுத்து போட்டா, முன்னால குறை இருந்திதுன்னுல்ல ஆவும்?"

"யாருக்கா பாக்கப் போறா? சும்மா ஒரு பேப்பருக்கா!"

"சும்மா பேப்பர்தான் இப்ப அவரு வயித்துல அடிக்குது."

"அக்கா, நீ போடலன்னா அவரு வேல போயிடும்க்கா!"

"போவக்கூடாது. பொய்யிலயும் கையெழுத்து போடமாட்டேன். இரு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தெருக்குழாய் வரைக்கும் போனார். குழாயைத் திறந்தார், தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார், மூடினார். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பி வந்தவரின் முகத்தில் பழைய பரபரப்பு வந்திருந்தது.

"பாப்பா, மேல இந்தக் கோடு எதுக்கு?"

"குறை என்னான்னு எழுத."

"யாரு எழுதணும்?"

"நீதான் எழுதணும். நாங்களே எழுதிக்குவோம்..."

"நீங்க எழுதுன வரைக்கும் போதும். பேனாவ குடு!"

வாசற்படியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் படிவத்தை வைத்துக்கொண்டு எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மூன்று கோடு போதாமல் ஓரத்தில் ஏறி எழுதினார். பிறகு கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னிடம் காட்டினார். படித்தேன். "ஏறுக்கா வண்டியில!" என்று கத்தினேன். அவரும் துணிப்பையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டார். கதவைச் சாத்தினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வழி முழுக்க முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். "போ பாப்பா, போ! ஆட்டோக்காரர் வழி விட்டுட்டாரு பாரு, போ!"

ஐந்தேகால். மேலாளர் சார் படிவத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை படித்தார்.

"இத எப்படிம்மா ஏத்தறது?"

"குறை இருக்குது சார். தீர்ந்துதுன்னும் இருக்குது. கையெழுத்தும் இருக்குது. எல்லாம் உண்மை சார்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

சார் அந்த அம்மாளைப் பார்த்தார். அம்மாள் அவரைப் பார்த்து, "நல்லா பாத்து ஏத்துங்க சார், பத்திரம்" என்றார். சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏத்து" என்றார்.

ஸ்கேன் செய்தேன். அப்லோட் கொடுத்தேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் அந்த அம்மாள், அவருக்குப் பின்னால் வாட்ச்மேன், வரி கட்ட வந்த நான்கு பேர், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள். சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. 'மனு முடிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. அம்மாள் போட்ட சத்தத்தில் வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வரி கட்ட வந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார்கள். மேலாளர் சார் தன் கையாலேயே பட்டியலில் தண்டபாணியின் பெயரை ஏற்றி, ஐந்து இருபத்தெட்டுக்கு அனுப்பி வைத்தார்.

தண்டபாணி வந்தபோது ஆறு மணி இருக்கும். இன்னொரு தெருவில் குழியிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"என்னாம்மா ஆச்சி?"

"பேரு மேல போயிடிச்சிண்ணே. லிஸ்ட்டுல இருக்குது."

அவர் தலையை ஆட்டினார். அந்த அம்மாள் மரத்தடியில் நின்று, வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"மனு குடுத்தது அந்த அக்காவாமே. என்னாம்மா எழுதியிருந்தாங்க என்னப் பத்தி?"

படிவத்தை அவரிடம் நீட்டினேன். "கை சேறா இருக்குது, நீயே படி" என்றார். நான் வாசலில் நின்று படித்தேன்.

"தண்டபாணி தம்பி மூணு நாள் மழையில் குழியில் நின்று எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணி கொண்டுவந்தார். சாப்பிடக்கூட மேலே வரவில்லை. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இப்படி வேலை செய்தவருக்கு நன்றி சொல்ல ஆபீசில் ஒரு இடம் இல்லை. அதுதான் என் குறை. இந்தத் தாளில் சொல்லிவிட்டேன். என் குறை தீர்ந்தது."

தண்டபாணி ஒரு படி மேலே ஏறி வந்தார்.

"பாத்தோம்னு போட்டிருக்காங்களா?"

"ஆமாண்ணே. எல்லாரும் பாத்தோம்னு போட்டிருக்காங்க."

"அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம் படிம்மா."